மதிய மாத்திரை மட்டும் ஏன் கேட்பதில்லை? பார்க்கின்சன் மருந்தும் சப்ளிமென்ட்களும்

மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு 68 வயது, பார்க்கின்சன் என்று தெரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை காலை 8, மதியம் 1, மாலை 5, இரவு 9 என நான்கு வேளை. காலையில் ஒரு ரசாஜிலின். டாக்டர் எழுதியது இவ்வளவுதான். வீட்டில் சேர்ந்துகொண்டவை அதைவிட அதிகம்: இரும்புச்சத்துள்ள மல்டிவைட்டமின், பி-காம்ப்ளெக்ஸ், கால்சியம், கோஎன்சைம் கியூ10, புரோட்டீன் பவுடர், தூக்கத்துக்காக 5-எச்டிபி கேப்ஸ்யூல். உறவினர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இன்னும் பிரிக்கவில்லை. சில மாதங்களாக மதிய மாத்திரை மட்டும் வேலை செய்யாமல், இரண்டிலிருந்து நான்கு மணி வரை நாற்காலியை விட்டு எழவே சிரமப்படுகிறார். "பி6 வைட்டமின் மருந்தை முறித்துவிடும் என்கிறார்கள், நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பி6 பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த இரண்டு மணி நேரத்துக்கு இந்தப் பாட்டில்கள் காரணமா, இல்லை நோயே முற்றுகிறதா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். நான் மருத்துவமனை மருந்தாளுநர். நரம்பியல் பிரிவில் இப்படிப்பட்டவர்களின் மருந்துச் சீட்டுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நோயைக் கணிப்பது என் வேலை இல்லை, உங்கள் அப்பாவை நான் பார்த்ததும் இல்லை. எந்த மருந்து எதோடு எங்கே மோதும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். கடைசி முடிவு அவருடைய டாக்டருடையது.

பி6-க்குப் போவதற்கு முன் அந்த 5-எச்டிபி. உங்கள் பட்டியலில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். பார்க்கின்சனில் குறைந்துபோவது டோபமைன் என்ற மூளை ரசாயனம், லெவோடோபா அந்த டோபமைனாக மாறும் மருந்து. ரசாஜிலின், செலிஜிலின், சஃபினமைடு மூன்றும் மூளையில் டோபமைனை உடைக்கும் எம்.ஏ.ஓ-பி என்ற என்சைமைத் தடுப்பவை. 5-எச்டிபி உடலுக்குள் செரடோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனமாக மாறும் பொருள். இரண்டும் சேரும்போது செரடோனின் அளவுக்கு மீறிப் போகலாம் என்பதுதான் பயம். பதற்றம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசை துடிப்பு, குழப்பம் என்று அது வெளிப்படும். பார்க்கின்சன் உள்ளவரிடம் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. புதிதாக வந்த நடுக்கத்தை வீட்டில் எல்லோரும் நோயின் நடுக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். போதாக்குறைக்கு அப்பா சாப்பிடும் கார்பிடோபா, 5-எச்டிபி மூளைக்கு வெளியே செரடோனினாக மாறுவதைத் தடுத்து, மூளைக்குப் போகும் பங்கைக் கூட்டிவிடுகிறது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வழக்கமான அளவு ரசாஜிலினோடு மனச்சோர்வு மாத்திரைகளை டாக்டர்களே சேர்த்து எழுதுவதுண்டு. அப்படி எழுதியும் இந்தச் சிக்கல் அரிதாகவே வருகிறது. ஆனால் அது அளவு தெரிந்த மருந்து, கண்காணிப்பும் உண்டு. தூக்கத்துக்கென்று தானாக வாங்கிய கேப்ஸ்யூலுக்கு இரண்டும் கிடையாது. எனவே இன்றே டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். இன்றிரவு அந்தக் கேப்ஸ்யூல் வேண்டாம். மேலே சொன்ன அறிகுறிகள் ஏதாவது இருந்தால் தொலைபேசியெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரசாஜிலினை இரண்டு நாள் நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரசாஜிலின் அந்த என்சைமை நிரந்தரமாகக் கட்டிப்போடும் வகை. மாத்திரை நின்ற பிறகும் அதன் வேலை நாள்கணக்கில் நீடிப்பதால்தான் 14 நாள் இடைவெளி என்று விதி வைத்திருக்கிறார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகைக்கும் இதே தடை உண்டு. ரசாஜிலின் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே சேர்க்கக் கூடாதவை பட்டியலில் அதன் பெயர் அச்சாகியிருக்கும். இருமல் மருந்துகளில் வரும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் அதே பட்டியலில்தான்.

சரி, பி6. உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அரை நூற்றாண்டு பழைய உண்மையைச் சொல்லியிருக்கிறார். 1960-களின் கடைசியில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் என்ற டாக்டர் அதிக அளவு லெவோடோபா கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தபோது அது தனி மருந்தாகவே கொடுக்கப்பட்டது. லெவோடோபாவை டோபமைனாக மாற்றும் என்சைமுக்கு பி6 துணை வேண்டும். பி6 கூடினால் மூளைக்கு வெளியிலேயே எல்லாம் மாறிவிடும், மூளைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது. பி6 கொடுத்தால் லெவோடோபாவின் பலன் காணாமல் போகிறது என்று 1969-லேயே எழுதிவிட்டார்கள். பிறகு கார்பிடோபா வந்தது, ஐரோப்பாவில் பென்செராசைடும் வந்தது. இவை மூளைக்கு வெளியே அந்த என்சைமைத் தடுத்துவிடுகின்றன. இப்போது உங்கள் அப்பா சாப்பிடுவது போன்ற கூட்டு மாத்திரையில் சாதாரண அளவு பி6 மருந்தை முறிப்பதில்லை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் பாட்டிலைத் திருப்பி அளவைப் பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவையான பி6 ஏறக்குறைய 1.7 மி.கி. சில பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளில் 50, 100 மி.கி. வரை இருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான மேல்வரம்பை 12 மி.கி. என்று குறைத்தது. காரணம், பி6 மாதக்கணக்கில் அதிகமானால் கால் நரம்புகள் கெட்டு மரத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால் பி6 குறைந்தாலும் அதேதான் நடக்கும், கார்பிடோபா அதிக அளவில் போகும்போது அது பி6-ஐப் பிடித்துவைத்துக் குறைத்தும் விடும். எனவே எல்லோரும் நிறுத்துங்கள் என்றோ எல்லோரும் சாப்பிடுங்கள் என்றோ என்னால் சொல்ல முடியாது. பாதம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று அப்பா சொன்னால் ரத்தத்தில் பி6, பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பி12-க்குத் தனிக் காரணம் உண்டு. லெவோடோபாவின் ஒரு பகுதியை உடல் வேறு வழியில் சிதைக்கும்போது ஹோமோசிஸ்டின் என்ற பொருள் ரத்தத்தில் கூடுகிறது. அதை மறுபடி இறக்க பி12-ம் ஃபோலேட்டும் தேவை. லெவோடோபா நீண்டகாலம் எடுப்பவர்களிடம் பி12 குறைவு அடிக்கடி தென்படுகிறது. உங்கள் பட்டியலில் இருக்கும் சப்ளிமென்ட்களில், சோதித்துப் பார்த்து, குறைவிருந்தால் கொடுத்தே ஆகவேண்டியது என்று நான் சொல்லக்கூடிய ஒன்று அதுதான்.

இப்போது மதியத்துக்கு வருவோம். நீங்கள் கடந்துபோகும் வாக்கியமாக எழுதிய ஒரு விஷயத்தில்தான் பாதி பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: "மறக்காமல் இருக்க எல்லாவற்றையும் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம், புரோட்டீன் பானமும் அப்போதே." அதாவது நான்கு வேளையில் மதிய லெவோடோபா மட்டும் முழுச் சாப்பாடு, புரோட்டீன் பவுடர், இரும்பு எல்லாவற்றுக்கும் நடுவில் போகிறது. மற்ற மூன்று வேளையும் ஓரளவு தனியாகப் போகின்றன.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். வயிற்றில் அது உறிஞ்சப்படுவதில்லை, வயிறு கீழே தள்ளிவிட்ட பிறகு சிறுகுடலின் முதல் பகுதியில்தான் ரத்தத்துக்குள் போகிறது. அங்கே அதை உள்ளே எடுத்துச் செல்லும் கடத்தியும், பிறகு ரத்தத்திலிருந்து மூளைக்குள் எடுத்துச் செல்லும் கடத்தியும் லெவோடோபாவுக்கென்று தனியாக அமைந்தவை அல்ல. புரதம் செரித்து வரும் லியூசின், ஐசோலியூசின், வேலின், ஃபீனைல்அலனின் போன்றவையும் அதே வாசலில்தான் நுழைய வேண்டும். ஒரு கரண்டி புரோட்டீன் பவுடரில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கும், லெவோடோபா இருப்பதோ 100 மில்லிகிராம் கணக்கில். நெரிசலில் யார் பின்தங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு மேல், கனமான சாப்பாடு வயிறு காலியாவதையே தாமதப்படுத்தும், பார்க்கின்சனில் அது ஏற்கெனவே மந்தம். தசைக்காக விற்கும் பி.சி.ஏ.ஏ. பொடிகள் முழுக்க முழுக்க இதே போட்டியாளர்கள்தான், அவற்றைப் பக்கத்திலேயே வரவிடாதீர்கள்.

இரும்பு வேறு விதமாகக் கெடுக்கிறது. குடலிலேயே அது லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு, கரையாத, உறிஞ்ச முடியாத பொருளாக்கிவிடுகிறது. ரத்தசோகைக்குக் கொடுக்கும் அளவில் ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் தனி லெவோடோபா பாதியாகக் குறைந்தது. நோயாளிகளுக்குக் கூட்டு மாத்திரையோடு கொடுத்தபோது 30 சதவீத அளவுக்குக் குறைந்தது. கார்பிடோபா அதைவிடவும் அதிகமாகக் குறைந்தது. மல்டிவைட்டமினில் இரும்பு அந்த அளவு இருக்காது, எனவே பாதிப்பும் குறைவாகவே இருக்க வேண்டும். இருந்தாலும் இரண்டு மணி நேரம் தள்ளிவைப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பின்னாளில் லெவோடோபாவின் பலனை நீட்டிக்கும் என்டகபோன் மருந்தைச் சேர்த்தால் அதற்கும் இதே விதி, இரண்டு மூன்று மணி நேர இடைவெளி.

இரும்பு மூளையில் படிந்து நோயைக் கூட்டுமாமே என்று அடுத்ததாகக் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நோய் தாக்கும் மூளைப் பகுதியில் இரும்பு கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதை வெளியேற்றிப் பார்ப்போம் என்று 372 பேருக்கு டெஃபெரிப்ரோன் மருந்தையும் போலி மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவின்படி மருந்து எடுத்தவர்களின் நிலைமைதான் மோசமானது. எனவே ரத்தசோகை இருந்தால் இரும்பைப் பயந்து நிறுத்த வேண்டாம், இல்லையென்றால் வாங்கியும் கொடுக்க வேண்டாம்.

செய்து பார்க்கச் சொல்வது இதுதான், டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. மதிய லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு முப்பதிலிருந்து அறுபது நிமிடம் முன்னால் வெறும் தண்ணீரோடு கொடுங்கள். குமட்டினால் புரதம் அதிகமில்லாத ஏதாவது கொஞ்சம் கூட இருக்கட்டும். மல்டிவைட்டமினை மூன்று மணி வாக்கில் தள்ளுங்கள். புரோட்டீன் பானத்தை நாளின் கடைசிச் சாப்பாட்டோடு வையுங்கள். புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். இந்த நோயில் எடையும் தசையும் கரைவது உண்மையான ஆபத்து, எடைக்கு ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது குறைந்தபட்சம்தான். நேரத்தை மட்டும்தான் மாற்றுகிறோம். அப்பா சாப்பிடுவது மெதுவாக வெளியாகும் வகை லெவோடோபாவாக இருந்தால் கணக்கு வேறு, முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இப்படிச் செய்து பார்க்கும் நாட்களில் ஒரு தாளில் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது நடக்க முடிந்தது, எப்போது முடியவில்லை என்று எழுதி வாருங்கள். ஒரே சமயத்தில் வேறெதையும் மாற்றாதீர்கள். மதியத் தொல்லை மட்டும் விலகினால் நேரம்தான் காரணம். காலை மாத்திரையும் மாலை மாத்திரையும்கூட அடுத்த வேளை வருவதற்கு முன்பே தீர்ந்துபோகிறது என்று தாள் சொன்னால், சப்ளிமென்ட் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. கார்பிடோபாவோடு சேர்ந்தும் லெவோடோபாவின் பாதி ரத்தத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். தொடக்க ஆண்டுகளில் மூளையில் எஞ்சிய செல்கள் டோபமைனைச் சேமித்து வைத்துச் சமாளிக்கும், பிறகு அந்தச் சேமிப்பு குறைகிறது. நான்கிலிருந்து ஆறு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு இந்த ஏற்ற இறக்கம் வருகிறது. அப்பா அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார். அளவையோ இடைவெளியையோ மாற்றி டாக்டரால் சரிசெய்யக்கூடியது அது. மலச்சிக்கலையும் தாளில் குறியுங்கள். அது முற்றும்போது மாத்திரை கேட்கும் நேரமும் தள்ளிப்போகிறது என்று பல வீட்டார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கால்சியம், வைட்டமின் டி இரண்டாலும் லெவோடோபாவுக்குப் பெரிய தொல்லை இருப்பதாகத் தெரியவில்லை. விழுந்து எலும்பு முறியும் வாய்ப்புள்ளவர்களுக்கு டி குறைவைச் சரிசெய்வது நல்லதும்கூட. மலச்சிக்கலுக்கு மெக்னீசியம் ஆக்சைடு கொடுத்தால் அதை மட்டும் லெவோடோபாவிலிருந்து பிரித்துக் கொடுங்கள், காரத்தன்மை லெவோடோபாவுக்கு ஆகாது.

கோஎன்சைம் கியூ10 மருந்தோடு மோதாது. ஆனால் பலனும் இல்லை. 600 பேரிடம் நாளொன்றுக்கு 1200, 2400 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வை, பலன் வர வழியில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ-யும் 800 பேர் கலந்துகொண்ட ஆய்வில் தோற்றது, கிரியேட்டின் 1741 பேரிடம் தோற்றது. ஐனோசின் தோற்றதோடு நிற்காமல் சிறுநீரகக் கல்லையும் கூட்டியது. நான்குமே ஆய்வகத்தில் பிரமாதமாகத் தெரிந்தவை. அப்பாவுக்கு அதில் ஒரு தெம்பு கிடைக்கிறது, செலவும் கட்டுப்படியாகிறது என்றால் கியூ10-ஐ நான் பிடுங்க மாட்டேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் மட்டும் பிடுங்குவேன், அதன் வேலையை இது குறைக்கக்கூடும்.

பூனைக்காலி வேறு கதை. பலன் இல்லை என்று அதைச் சொல்ல முடியாது, பலன் இருப்பதுதான் அதில் பிரச்சினை. அந்த விதையில் இருப்பது சாட்சாத் லெவோடோபாவேதான். 2004-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் விதைப் பொடியையும், 200 மி.கி. லெவோடோபா கொண்ட மாத்திரையையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். பொடி 35 நிமிடத்தில் வேலை செய்தது, மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது. பொடியின் பலன் 37 நிமிடம் கூடுதலாகவும் நீடித்தது. எட்டே பேர், ஒற்றை வேளை அளவு, ஆனாலும் நம்பத்தகுந்த முறையில் செய்யப்பட்டது. இதை வைத்துக்கொண்டு "இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லை" என்று விற்கிறார்கள். லெவோடோபாவால் வரும் குமட்டல், ரத்த அழுத்தச் சரிவு, கட்டுக்கடங்காத உடல் அசைவு, மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் இதிலும் வரும். விதைக்கு விதை, பாட்டிலுக்குப் பாட்டில் அளவும் மாறும். மாத்திரையில் 100 என்றால் 100-தான் இருக்கும். இப்போது ஓடும் நான்கு வேளைக்கு மேல் டாக்டருக்குத் தெரியாமல் இதைச் சேர்த்தால், அடுத்த முறை அப்பாவின் உடல் ஆடுவதைப் பார்த்து அவர் தவறான மருந்தைக் குறைப்பார். டப்பாவை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.

நேர் எதிராக வேலை செய்யும் மூலிகையும் உண்டு, அது சர்ப்பகந்தா. ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் என்று விற்கும் கலவைகளில் இருக்கும். அதிலுள்ள ரெசர்பின் மூளையின் டோபமைன் இருப்பையே காலி செய்துவிடும். 1957-ல் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை டோபா கொடுத்து எழுப்பினார், லெவோடோபா சிகிச்சையின் வேரே அந்தச் சோதனைதான். 5-எச்டிபிக்குப் பதிலாகத் தூக்கத்துக்கு வேறு மூலிகை தேடுவீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். காவா என்ற வேரும் வேண்டாம், அறிகுறிகள் மோசமானதாகப் பதிவுகள் உண்டு. அப்புறம், சப்ளிமென்ட் இல்லை என்றாலும் ஒன்று: குமட்டலுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, இந்தப் பட்டியலில் உள்ள பல பொருட்களைவிட அதிகமாக உங்கள் அப்பாவை முடக்கிவிடும். அவசரப் பிரிவில் காட்ட நேர்ந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

குடல் பாக்டீரியா மருந்தைக் கெடுக்கும் என்று நீங்கள் படித்ததாக எழுதிய செய்தி சரியானதுதான். எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி குடலிலேயே லெவோடோபாவை டோபமைனாக மாற்றிவிடுகிறது, கார்பிடோபாவால் அதைத் தடுக்க முடிவதில்லை என்று 2019-ல் காட்டினார்கள். இதிலிருந்து "இந்தப் புரோபயாட்டிக் சாப்பிட்டால் மருந்து நன்றாகக் கேட்கும்" என்று தாவுவதற்குச் சான்று இன்னும் போதாது. மலச்சிக்கலுக்குப் புரோபயாட்டிக் ஓரளவு உதவுவதாக முறையான ஆய்வுகள் உண்டு, அதற்காகக் கொடுக்கலாம். வைட்டமின் சி லெவோடோபா உறிஞ்சப்படுவதைச் சிலரிடம் கூட்டியதாகச் சிறிய ஆய்வு இருக்கிறது, நான் யாருக்கும் அதை வைத்து யோசனை சொல்வதில்லை.

எந்தச் சோதனைக்காகவும் லெவோடோபாவை மட்டும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பாட்டில்களின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட, பாட்டில்களையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரே பெயரில் இரண்டு கம்பெனி வேறு வேறு அளவு போடும், பின்பக்கச் சிறிய எழுத்தில்தான் 5-எச்டிபியும் சர்ப்பகந்தாவும் ஒளிந்திருக்கும். கூடவே அந்தத் தாளும் இருக்கட்டும். பி12, ஹோமோசிஸ்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பாவின் பட்டியலில் முடிக்கென்று பயோட்டின் ஏதாவது இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் அதையும் சொல்லிவிடுங்கள், சில சோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டும்.